வீட்டுக்குள் ஒளிந்திருக்கும் ஒளி



ஜூரோங்கில் எந்த அடுக்குமாடி வீட்டுக்குப் போனாலும், தொலைக்காட்சிக்குக் கீழே உள்ள இழுப்பறையிலோ மருந்துப் பெட்டியிலோ ஒரு சின்னப் பொருள் கிடக்க வாய்ப்புண்டு. துணி காயப்போடும் கிளிப்பைப் போல வாய் திறந்து மூடும். விரலை உள்ளே வைத்தால் 97, 98 என்று ஓர் எண்ணைக் காட்டும். 2021 ஜூலையில் சிங்கப்பூரிலுள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் ஒன்று என்று தெமாசெக் அறநிறுவனம் இலவசமாகக் கொடுத்த ஆக்சிமீட்டர்தான் அது. கொவிட்-19 காலத்தில் பேரங்காடியில் வரிசையில் நின்று வாங்கி வந்த பலர், இன்று அதை மறந்தே போயிருப்பார்கள். சில வீடுகளில் பேட்டரி கசிந்து பச்சை பூத்திருக்கும்.

ஆனால் ஒரு கேள்வியை அப்போது பலரும் கேட்கவில்லை. ஊசி குத்தவில்லை. ஒரு சொட்டு ரத்தம் எடுக்கவில்லை. பிறகு எப்படி ரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு என்று அந்தக் கிளிப்புக்குத் தெரிந்தது?

விடை, அதன் மேல் தாடையில் இருக்கும் இரண்டு விளக்குகளில் இருக்கிறது. ஒன்று சிவப்பு, கண்ணுக்குத் தெரியும். இன்னொன்று சிவப்புக்கு அடுத்த வீட்டில் குடியிருக்கும் அகச்சிவப்பு, கண்ணுக்குத் தெரியாது. தெரியாத அந்த விளக்கின் அலைநீளத்தை வீட்டிலேயே, ஒரு பழைய குறுந்தட்டையும் கைத்தொலைபேசியையும் வைத்து அளந்துவிடலாம். எதற்காக அளக்க வேண்டும் என்பதும் சற்று நேரத்தில் தெரியவரும். அது வெறும் பொழுதுபோக்கு விஷயம் அல்ல.

முதலில் அகச்சிவப்பைப் பற்றி நாலு வார்த்தை.

மனிதக் கண்ணுக்குத் தெரியும் ஒளி ஏறத்தாழ 400 நானோமீட்டரில் ஊதாவாகத் தொடங்கி, 700 நானோமீட்டரில் சிவப்பாக முடிகிறது. நானோமீட்டர் என்றால் ஒரு மீட்டரை நூறு கோடி பங்காக்கி அதில் ஒரு பங்கு. தலைமுடி இழை ஒன்றின் தடிமனே சுமார் 70,000 நானோமீட்டர் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். 700க்கு மேல் ஒளி நின்றுவிடுவதில்லை. கண்தான் நின்றுவிடுகிறது. 1800ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற வானியல் அறிஞர், சூரிய ஒளியைப் பட்டகத்தில் பிரித்து ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்புக்கு அப்பால், ஒன்றுமே தெரியாத இருட்டில் வைத்த வெப்பமானியும் ஏறியது. அங்கேதான் அகச்சிவப்பு பிடிபட்டது.

இன்று அது வீடெல்லாம் நிறைந்திருக்கிறது. தொலைக்காட்சி ரிமோட், ஏர்கான் ரிமோட், கைகாட்டினால் திறக்கும் தண்ணீர்க் குழாய், வாசலில் மாட்டிய கண்காணிப்புக் கேமரா, முகத்தைப் பார்த்துத் திறக்கும் கைத்தொலைபேசி என எல்லாவற்றிலும் அகச்சிவப்பு விளக்கு உண்டு. ரிமோட்டுகளில் பெரும்பாலும் 940 நானோமீட்டர். கண்காணிப்புக் கேமராக்களில் 850 அல்லது 940. இரவில் கேமராவைச் சுற்றி மங்கலாகச் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் அது 850ஆக இருக்கலாம். சுத்தமாக ஒன்றும் தெரியாமல் படம் மட்டும் தெளிவாக வந்தால் 940. இந்த 940க்கு ஒரு சுவையான காரணமும் உண்டு. காற்றிலுள்ள நீராவி அந்த அலைநீளத்தைச் சுற்றியுள்ள சூரிய ஒளியை நன்றாக உறிஞ்சிவிடுகிறது. ஆகவே அந்த இடத்தில் வெயிலின் தொந்தரவு குறைவு. சிங்கப்பூர்க் காற்றில் நீராவிக்கா பஞ்சம்!

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். அகச்சிவப்பு என்றதும் நெற்றியில் காட்டும் வெப்பமானி நினைவுக்கு வரும். 2020ல் அதைப் பற்றி ஒரு வதந்தி கிளம்பியது. அது மூளைக்குள் கதிரைப் பாய்ச்சுகிறதாம். ஆகவே நெற்றியில் காட்டாதே, மணிக்கட்டில் காட்டு என்றார்கள். உண்மை நேர் எதிரானது. உடல்தான் கதிரை வெளியிடுகிறது. உயிருள்ள உடம்பின் சூட்டில் அந்தக் கதிர் ஏறக்குறைய 9,300 நானோமீட்டரில் உச்சம் அடைகிறது. வெப்பமானி அதை வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். ரிமோட்டின் அகச்சிவப்பைவிட இது பத்து மடங்கு நீளமான அலை. கைத்தொலைபேசிக் கேமராவுக்கு இது தெரியவே தெரியாது.

இந்த வகை அகச்சிவப்பில் சிங்கப்பூருக்கு ஒரு வரலாறே உண்டு. 2003ல் இங்கே 238 பேரைத் தொற்றி 33 பேரைப் பலிகொண்ட சார்ஸ் நோயின்போது, தற்காப்பு அறிவியல் தொழில்நுட்ப அமைப்பும் எஸ்டி எலக்ட்ரானிக்ஸ் நிறுவனமும் சேர்ந்து, ராணுவத்துக்கான வெப்பக் கேமராவைக் காய்ச்சல் கண்டுபிடிக்கும் கருவியாக மாற்றின. சாங்கி விமான நிலையத்தில் பயணிகள் நடந்து வரும்போதே யாருக்கு உடல் சுடுகிறது என்று திரையில் காட்டியது அதுதான். பின்னர் உலகம் முழுவதும் இந்த வகைக் கருவிகள் பரவின.

இனி ஆக்சிமீட்டருக்கு வரலாம்.

ரத்தத்தின் நிறம் சிவப்பு என்கிறோம். ஆனால் எல்லா ரத்தமும் ஒரே சிவப்பு அல்ல. பிராணவாயு நிறைந்த ரத்தம் பளிச்சென்ற சிவப்பு. பிராணவாயுவை இழந்த ரத்தம் கருஞ்சிவப்பு. காரணம், 660 நானோமீட்டர் சிவப்பு ஒளியை, பிராணவாயு இழந்த ஹீமோகுளோபின் ஏறத்தாழ பத்து மடங்கு அதிகமாக விழுங்குகிறது. 940ல் கதை திரும்பிவிடுகிறது. அங்கே பிராணவாயு நிறைந்ததுதான் சற்று அதிகமாக விழுங்கும். ஆகவே இரண்டு ஒளியையும் மாறி மாறி விரலுக்குள் அனுப்பி, மறுபுறம் எவ்வளவு வந்து சேர்கிறது என்று ஒப்பிட்டால், ரத்தத்தின் நிலை தெரிந்துவிடும்.

விரலில் ரத்தம் மட்டுமா இருக்கிறது? தோல், சதை, எலும்பு, நகம் எல்லாம் இருக்கிறதே, அவையும் ஒளியை விழுங்காதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு விடை கண்டவர் ஜப்பானைச் சேர்ந்த தக்குவோ அஒயாகி என்ற பொறியாளர். நிஹோன் கோடன் நிறுவனத்தில் 1970களின் தொடக்கத்தில் அவர் வேறொரு வேலையில் இருந்தார். ரத்தத்தில் சாயம் செலுத்தி, காதுமடலில் ஒளியைப் பாய்ச்சி, இதயம் எவ்வளவு ரத்தத்தை இறைக்கிறது என்று அளக்கும் வேலை. அதில் அவருக்குப் பெரிய தலைவலி நாடித்துடிப்பு. ஒவ்வொரு துடிப்புக்கும் அளவு ஏறி இறங்கி, வரைபடத்தைக் கெடுத்தது. அந்த இரைச்சலை ஒழிக்க அவர் இரண்டாவதாக ஓர் அகச்சிவப்பு ஒளியைச் சேர்த்தார். ஒழிந்தது. ஆனால் ரத்தத்தில் பிராணவாயு குறைந்தால் மட்டும் மறுபடி தலைகாட்டியது. அப்போதுதான் அவருக்குப் பொறி தட்டியது. துடிக்கும் பகுதி தமனி ரத்தம் மட்டுமே. தோலும் எலும்பும் துடிப்பதில்லை. ஆகவே துடிப்பை மட்டும் எடுத்துக்கொண்டால் மற்றவை தாமாகவே கழிந்துவிடும். தொந்தரவு என்று நினைத்ததே கருவியாகிவிட்டது. 1974ல் இதை ஜப்பானில் வெளியிட்டார். உலகமே தம் கருவியைத் தேடி அலைந்த 2020 ஏப்ரலில், 84 வயதில் அவர் காலமானார்.

இத்தனையும் சொன்னதற்குக் காரணம், அந்த 97 என்ற எண்ணுக்கு அடித்தளம் இரண்டு அலைநீளங்கள் என்பதுதான். கருவி ஒளியை அளக்கிறது. பிறகு தன் நினைவில் உள்ள ஓர் அட்டவணையைப் பார்த்து எண்ணாக மாற்றுகிறது. 'என் சிவப்பு விளக்கு 660' என்று அந்த அட்டவணை நம்பிக்கொண்டிருக்கிறது. விளக்கு உண்மையில் 670ஆக இருந்தால்? அந்த இடத்தில் உறிஞ்சும் அளவு செங்குத்தாகச் சரிகிறது. பத்து நானோமீட்டர் நகர்ந்தாலே, பிராணவாயு இழந்த ஹீமோகுளோபின் விழுங்கும் அளவு 10 விழுக்காட்டுக்கும் மேல் மாறிவிடும். எல்இடி விளக்குகள் தொழிற்சாலையில் ஒரே அச்சாக வருவதில்லை. அவற்றை அளந்து தரம் பிரித்துத்தான் பயன்படுத்த வேண்டும். அந்தச் சிரத்தை எல்லா மலிவுக் கருவியிலும் இருக்கும் என்று யார் உத்தரவாதம் தருவது?

ஆக்சிமீட்டர்களுக்கான அனைத்துலகத் தரவிதி, விளக்குகளின் அலைநீளத்தைக் கையேட்டில் குறிப்பிட வேண்டும் என்கிறது. கையேட்டின் கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்தில் இருக்கும். சிவப்பு 660, அகச்சிவப்பு 905 என்றோ 940 என்றோ போட்டிருக்கும். கையேட்டை யார் வைத்திருக்கிறார்கள்! வைத்திருந்தால் எடுத்துவையுங்கள். ஏனென்றால் இப்போது சரிபார்க்கப் போகிறோம்.

குறுந்தட்டு ஒன்று வேண்டும். பாட்டு கேட்ட பழைய தட்டு போதும். அதன் மேல் அகலமான ஒட்டுநாடாவை அழுத்தி ஒட்டி, சடாரென்று உரித்தால் வெள்ளிப்பூச்சு கழன்று வரும். முதலில் கத்தியால் ஒரு கீறல் போட்டுக்கொண்டால் எளிது. மிஞ்சுவது கண்ணாடி போன்ற பிளாஸ்டிக். அதில் கண்ணுக்குத் தெரியாத தடங்கள் வரிசையாக ஓடுகின்றன. ஒரு தடத்துக்கும் அடுத்த தடத்துக்கும் இடைவெளி 1,600 நானோமீட்டர். அதாவது ஒரு மில்லிமீட்டரில் 625 தடங்கள். 1982ல் குறுந்தட்டு சந்தைக்கு வந்ததிலிருந்து இந்த அளவு மாறவில்லை. ஆய்வுக்கூடத்தில் காசு கொடுத்து வாங்கும் கீற்றணி செய்யும் வேலையை இந்தத் தட்டு சும்மா செய்துவிடும். ஒளி இந்தத் தடங்களைக் கடக்கும்போது அலைநீளத்துக்கு ஏற்ற கோணத்தில் விலகும். நீளமான அலை அதிகம் விலகும். தட்டைச் சாய்த்தால் வானவில் தெரிவது இதனால்தான். டிவிடி தட்டு இதற்கு உதவாது. அதன் தடங்கள் 740 நானோமீட்டர் இடைவெளியில் நெருங்கியிருப்பதால், நேராக விழும் 940 நானோமீட்டர் ஒளி விலகி வெளியே வரவே இடமில்லை.

பூச்சு உரிந்த தட்டில் ஓரமாக ஒரு சின்னத் துண்டை வெட்டி, தடங்கள் செங்குத்தாக நிற்கும்படி ஓர் அட்டையின் துளையில் ஒட்டுங்கள். அதற்கு நேர் எதிரே சரியாக 20 சென்டிமீட்டர் தள்ளி விளக்கை வையுங்கள். விளக்கிலிருந்து பக்கவாட்டில் ஓர் அடிக்கோலைப் படுக்க வையுங்கள். விளக்கு இருக்கும் இடம் பூஜ்யம். தட்டுத் துண்டுக்குப் பின்னால் கைத்தொலைபேசிக் கேமராவை ஒட்டினாற்போல் வைத்து, கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பினால், அடிக்கோலின் மேல் விளக்கின் 'போலி' ஒன்று நிற்பது தெரியும். அது எந்த எண்ணில் நிற்கிறது என்பதுதான் அளவு.

எந்தக் கேமராவுக்கு அகச்சிவப்பு தெரியும்? ரிமோட்டின் மூக்கைக் கேமராவுக்குக் காட்டி ஒரு பட்டனை அழுத்துங்கள். திரையில் வெளிர் ஊதாவாக மின்னினால் தெரிகிறது என்று பொருள். பின்பக்கக் கேமராவில் அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி கடுமையாக இருக்கும். முன்பக்கக் கேமராவில் பல நேரம் அவ்வளவு கடுமை இருக்காது. வீட்டில் பழைய கணினிக் கேமரா கிடந்தால் அதைவிட நல்லது வேறில்லை.

கணக்குக்குப் பயப்பட வேண்டாம். கோணமானி வேண்டாம், கால்குலேட்டரில் சைன் பட்டனைத் தேட வேண்டாம். ஒரு நூலை எடுத்து, தட்டுத் துண்டிலிருந்து அடிக்கோலில் போலி நிற்கும் எண் வரை இழுத்துப் பிடித்து அதன் நீளத்தை அளந்துகொள்ளுங்கள். அடிக்கோல் எண்ணை நூலின் நீளத்தால் வகுத்து, 1,600ஆல் பெருக்கினால் அலைநீளம். சிவப்பு 9 சென்டிமீட்டரில் நின்றால் நூல் 21.9 வரும், விடை ஏறக்குறைய 657. அகச்சிவப்பு 14.5ல் நின்றால் நூல் 24.7; விடை 939. அதுவே 905 நானோமீட்டர் விளக்காக இருந்தால் 13.7க்குப் பக்கத்தில் நிற்கும். எட்டு மில்லிமீட்டர் வித்தியாசம். வெறும் அடிக்கோலுக்கே இது எட்டும்.

இந்த அமைப்பை நம்பலாமா என்று சோதிக்கவும் வழி உண்டு. பழைய குழல்விளக்கு எரியும் வீடாக இருந்தால், அதற்கு முன் மெல்லிய பிளவு வெட்டிய அட்டையை வைத்து அதே மாதிரி பாருங்கள். குழலுக்குள் இருக்கும் பாதரசம் பளிச்சென்று ஒரு பச்சைக்கோடு தரும். அது 546 நானோமீட்டர், எந்த ஊரிலும் அதேதான். 20 சென்டிமீட்டர் தொலைவில் அது 7.3 சென்டிமீட்டர் அருகே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் தட்டு கோணலாக ஒட்டியிருக்கிறது.

ஆக்சிமீட்டரை வைத்து இதைச் செய்வதில் சில சிக்கல்கள் உண்டு. விரல் இல்லாவிட்டால் சில விநாடிகளில் அது அணைந்துவிடும். திரும்பத் திரும்ப அழுத்த வேண்டும். விளக்கு மங்கல், அறை இருட்டாக வேண்டும். இருட்டில் அடிக்கோல் தெரியாது. அதற்கு ஒரு தந்திரம்: கைத்தொலைபேசியை அசையாமல் நிறுத்தி, இருட்டில் ஒரு படம், விளக்கைப் போட்டு ஒரு படம் எடுத்து, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள்.

ஆக்சிமீட்டரில் தொடங்குவதைவிட ரிமோட்டில் தொடங்குவது புத்திசாலித்தனம். அதில் கை பழகிய பிறகு மற்றதைத் தொடலாம். இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் 20 சென்டிமீட்டரை 60 ஆக்குங்கள். 20ல் சிவப்பு ஒரு மில்லிமீட்டர் பிசகினால் ஆறு நானோமீட்டர் பிழை. 60ல் அது இரண்டாகக் குறையும்.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். கேமராவின் சிலிக்கானுக்கு 1,000 நானோமீட்டரை நெருங்க நெருங்கப் பார்வை மங்கும். அகச்சிவப்பு எல்இடியின் ஒளி ஒற்றைக் கோடாக இருக்காது. நாற்பது ஐம்பது நானோமீட்டருக்குப் பரந்து கிடக்கும். அதன் நீண்ட அலைப் பக்கத்தைக் கேமரா குறைவாகவே பார்ப்பதால், பூச்சின் 'நடு' உண்மையைவிடச் சற்றுக் குறைவான எண்ணில் தெரியும். 940க்கு 930 வந்தால் கருவியைக் குறைசொல்லிப் புகார் எழுதிவிடாதீர்கள்!

கேமராவை விட்டுவிட்டு மின்னணுவியலில் இறங்க ஆசைப்படும் பிள்ளைகளுக்கு, தேக்காவிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஜாலான் புசாரில் சிம் லிம் டவர் இருக்கிறது. கணினி விற்ற சிம் லிம் ஸ்குவேர் வேறு, இது வேறு. இங்கே சின்னச் சின்ன மின்னணுப் பாகங்கள் விற்கும் கடைகள் உண்டு. ஓர் ஒளி டிரான்சிஸ்டர், ஒரு மின்தடை, ஓர் ஆர்டுயினோ பலகை. 2005ல் இத்தாலியில் மாணவர்களுக்காகப் பிறந்த அந்தப் பலகை, வரும் மின்னழுத்தத்தை 0 முதல் 1,023 வரை எண்ணாகக் காட்டும். நடுவில் ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து ஒளியைக் குவித்து, டிரான்சிஸ்டரை அடிக்கோல் ஓரமாக மெல்ல நகர்த்தினால், எந்த இடத்தில் எண் எகிறுகிறதோ அங்கே ஒளி விழுகிறது. கண் பார்க்காததை எண் சொல்லும். ஹெர்ஷல் வெப்பமானியை நகர்த்தியதும் இதேதான். 1977ல் ஜூரோங்கில் திறக்கப்பட்ட அறிவியல் நிலையத்துக்குப் பள்ளிச் சுற்றுலா போன தலைமுறைகள் எத்தனையோ. அங்கே பட்டனை அழுத்திப் பார்த்த பிள்ளை, வீட்டில் தானே ஓர் அளவுகோல் செய்து பார்க்கட்டுமே.

சரி, அலைநீளம் சரியாகவே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது அந்த எண்ணை அப்படியே நம்பலாமா? இங்கேதான் தமிழ்க் குடும்பங்கள் காது கொடுக்க வேண்டிய செய்தி வருகிறது.

2020 டிசம்பரில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆக்சிமீட்டர் 92 முதல் 96 வரை காட்டிய நோயாளிகளிடம் அதே நேரத்தில் தமனியிலிருந்து ரத்தம் எடுத்துச் சோதித்த முடிவுகளை ஒப்பிட்டார்கள். வெள்ளையர்களிடம் எடுத்த முடிவுகளில் 3.6 விழுக்காட்டில் உண்மை அளவு 88க்கும் கீழே இருந்தது. கறுப்பினத்தவர்களிடம் எடுத்தவற்றில் அது 11.7 விழுக்காடு. மூன்று மடங்கு. கருவி பரவாயில்லை என்கிறது. ரத்தம் ஆபத்து என்கிறது.

தோலுக்குக் கருமை தரும் மெலனின், அகச்சிவப்பைவிடச் சிவப்பு ஒளியை அதிகம் விழுங்கும். துடிக்காத தோல் தானாகக் கழிந்துவிடும் என்று அஒயாகியின் கணக்கு சொன்னாலும், நடைமுறையில் முழுக்கக் கழிவதில்லை. இன்னொரு காரணமும் உண்டு. கருவியின் அட்டவணை உண்மையான மனிதர்களை வைத்துத் தயாரிக்கப்படுகிறது. 2013ல் வந்த அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் வழிகாட்டி, சோதனைக்குக் குறைந்தது 10 பேர் போதும், அவர்களில் இரண்டு பேர் அல்லது 15 விழுக்காட்டினர் கருமை நிறத்தவராக இருந்தால் போதும் என்றது. 2025 ஜனவரியில் அது வெளியிட்ட வரைவு வழிகாட்டி 150 பேருக்குக் குறையாமல், பல தோல் நிறத்தவரையும் சேர்த்துச் சோதிக்கச் சொன்னது. ஆனால் வீட்டு இழுப்பறையில் கிடப்பது பழைய காலத்துக் கருவி.

அந்த ஆய்வு கறுப்பின அமெரிக்கர்களைப் பற்றியது, இந்தியர்களைப் பற்றியது அல்ல என்று ஒருவர் சொல்லலாம். சரிதான். ஆனால் ஒளிக்கு இனம் தெரியாது. நிறம்தான் தெரியும். சிங்கப்பூர்த் தமிழர்களில் மாநிறமும் உண்டு, நல்ல கருமையும் உண்டு. வெயிலில் கட்டுமானத் தளத்திலும் கப்பல் பட்டறையிலும் உழைத்த தோல் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

எடுத்துக்காட்டாக ஜூரோங் வெஸ்ட்டில் ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். தாத்தா கப்பல் பட்டறையில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நுரையீரலில் கோளாறு. தினமும் காலையில் விரலை நுழைத்துப் பார்த்துவிட்டுத்தான் காப்பி. பேத்தி பலதுறைத் தொழிற்கல்லூரியில் மின்னணுவியல் படிக்கிறாள். குறுந்தட்டை உரித்து, இரவு விளக்கை அணைத்து, கருவியை அளந்து முடித்துவிட்டாள். கையேட்டில் போட்டிருந்தபடியே 660ம் 905ம் வருகிறது.

"அப்போ என் மிஷின் நல்ல மிஷின்தான். இன்னைக்கு 94 காட்டுச்சு, ஒண்ணும் பயமில்லையே?" என்கிறார் தாத்தா.

"விளக்கு சரியா இருக்கு தாத்தா. அதுக்காக 94ஐ அப்படியே நம்பிடாதீங்க. ரெண்டு மூணு முன்னே பின்னே இருக்கும்."

"பின்னே எதைத்தாம்மா நம்பச் சொல்றே?"

"நேத்து எவ்வளவு காட்டுச்சு? போன வாரம் எவ்வளவு?"

தாத்தாவிடம் பதில் இல்லை. எழுதி வைத்தால்தானே!

பேத்தி கேட்டது சரியான கேள்வி. அமெரிக்க நிர்வாகமே தன் 2021 அறிவிப்பில், கருவி 90 என்று காட்டினால் உண்மை 86க்கும் 94க்கும் இடையில் எங்கேயும் இருக்கலாம் என்று விளக்கியது. ஆகவே ஒற்றை எண்ணைவிட, அதே விரலில், அதே கருவியில், நாளுக்கு நாள் அது எந்தப் பக்கம் போகிறது என்பதே முக்கியம். தோல் நிறம் ஒரே நாளில் மாறாது. விளக்கின் அலைநீளமும் மாறாது. அவற்றால் வரும் பிழை நேற்றும் இன்றும் ஏறக்குறைய ஒன்றுதான். மாறியிருப்பது ரத்தம் என்றால், அந்த மாற்றம் எண்ணில் தெரியும்.

அதற்கு உடம்பு நன்றாக இருக்கும் நாட்களிலேயே ஒரு வாரம் அளந்து எழுதி வைக்க வேண்டும். ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகு அளக்கலாம். கை குளிர்ந்திருந்தால் தேய்த்துச் சூடாக்கலாம். நகப்பூச்சை அழித்துவிட வேண்டும். தீபாவளிக்கோ திருமணத்துக்கோ மருதாணி இட்டிருந்தால் மருதாணி படாத விரலைத் தேடுவது நல்லது. எண் நிலைக்கும் வரை அரை நிமிடம், ஒரு நிமிடம் பொறுத்திருந்து, அப்போது தெரிவதைத் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். ஏர்கான் நேராகக் கையில் அடிக்கும் இடத்தில் உட்கார வேண்டாம்.

ஆராய்ச்சியில் இறங்கும் பிள்ளைகளுக்கும் இரண்டு எச்சரிக்கை. வீட்டில் நோயாளி பயன்படுத்தும் கருவியைக் கழற்றிப் பார்க்காதீர்கள், வெளியிலிருந்தே அளக்கலாம். கண்காணிப்புக் கேமராவுக்கான சக்திவாய்ந்த அகச்சிவப்பு விளக்கை நெருங்கி உற்றுப் பார்க்காதீர்கள். பளிச்சென்ற வெளிச்சம் பட்டால் இமை தானாக மூடிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கு அந்தத் தற்காப்பு கிடையாது. பழைய குறுந்தட்டு இயக்கியைப் பிரித்து அதன் லேசரை எடுக்கும் ஆசையும் வேண்டாம். 780 நானோமீட்டர், மங்கலாகத் தெரிவதாலேயே ஏமாற்றும்.

தாத்தாவின் நோட்டுப் புத்தகத்தில் வழக்கமாக 95, 96 என்று வரும் எண், ஒரு நாள் 92 என்று வந்து, மறுபடி அளந்தும் அப்படியே நின்றால், அதை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போகலாம். எழுதி வைத்த எண்களைப் பார்த்தால் மருத்துவருக்கும் பாதி வேலை மிச்சம். ஆனால் மூச்சு வாங்கி, உதடு நீலம் பாரித்து, பேச்சு குழறுகிறது என்றால் கருவி 97 காட்டினாலும் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். 995ஐ அழையுங்கள்.